தூக்குப்போசியும் வாஃபிள் மெஷினும்

என் மாமனார் இட்லி சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால், வாசலில் பஸ் கிளம்பத் தயாராக நிற்கிறது என்று நினைப்பீர்கள். பஸ்ஸும் கிடையாது, அவர் அவசரமாகப் போக வேண்டிய இடமும் கிடையாது. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பட்டறை இருக்கிறது. மாவரைக்கும் கிரைண்டர் செய்கிற பட்டறை. அவர் ஆரம்பித்தது, இப்போது என் கணவர் நடத்துகிறார், நன்றாகவே நடக்கிறது. மாமா சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்து, நாலு குறை சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். அப்படியிருக்க, தட்டில் வைத்த இரண்டு இட்லியைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்.

அந்த "நல்லா இருக்குதுங்க அம்மணி"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் சாப்பிட்டுப் போன பிறகு நான் வாயில் வைத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. அன்றைக்கும் அதே வாக்கியம்தான், அதே குரலில். மறுநாள் உப்புச் சரியாகப் போட்டேன். அன்றைக்கும் அதேதான். அப்படியானால் நான் எதற்குச் சமைக்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை இருந்த வரைக்கும் இப்படி இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் நான் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிட உட்கார்ந்தால் அத்தையும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "சட்னில புளி எச்சாப் போச்சு" என்பார் இவர். "அப்ப நாளைக்கு நீங்களே அரைங்க. கிரைண்டர் செய்யறவருதானுங்களே?" என்பார் அவர். சண்டை மாதிரி ஆரம்பிக்கும். பிறகு பட்டறை, சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு மாடித் தொட்டி ஒழுகுவது என்று ஊர்வம்பெல்லாம் பேசி முடிப்பதற்குள் அஞ்சாறு இட்லி உள்ளே போயிருக்கும். அத்தை போன வருஷம் தவறிவிட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு காலை நேரத்தில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் கணவர் விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறைக்குப் போய்விடுவார். நான் மாடி அறையில் உட்கார்ந்து ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். மாமாவுக்குப் பரிமாறிவிட்டுச் சமையலறை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பேன். அவர் எழுந்ததும் என் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்துத் தின்பேன். மாமனாருக்கு எதிரே மருமகள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. காரமடையில் என் அம்மா அப்படித்தான் நின்றார், சித்தியும் நின்றார், நானும் நின்றேன். நான் ஒன்றும் அடக்க ஒடுக்கத்துக்குப் பேர் போனவள் இல்லை. ஆபீஸ் போனில் நான் போடும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று என் கணவர் சொல்வார். ஆனாலும் மாமா சாப்பிட உட்கார்ந்தால் என் கால் தானாக அந்த நிலைக்குப் போய்விடும்.

மாமா இளைத்துக்கொண்டே வந்தார். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் தனியாக நின்றது. இடுப்பு பெல்ட்டுக்கு அவரே பட்டறையில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்த அன்றே டாக்டரிடம் கூட்டிப் போனோம். எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "நோவு ஒண்ணும் இல்லீங்க. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க, அது போதும்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அரிசிம்பருப்பு சோற்றில் நெய்யைக் குளம் கட்டி வைத்தேன். இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினேன். எல்லாம் நல்லா இருந்தது, எல்லாம் பாதி மிச்சம் இருந்தது. கணவரிடம் சொன்னால், "அப்பா அப்படித்தான், நீ போட்டு மனசை அலட்டிக்காதே" என்றார். அவருக்கென்ன, இட்லியைக் கையில் சுருட்டிக்கொண்டு பைக்கில் ஏறிவிடுவார்.

இந்த நிலையில்தான் வாஃபிள் வந்தது.

என் கல்லூரித் தோழி ஒருத்தி பட்டுப்புடவை எடுக்க ஆர்.எஸ்.புரத்துக்குக் கூப்பிட்டாள். கடை கடையாக ஏறி இறங்கி முடித்ததும், காலாற உட்காரலாம் என்று ஒரு வாஃபிள் கடைக்கு அழைத்துப் போனாள். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, கட்டம் கட்டமாக இருந்த குழிகளில் வெண்ணெயும் தேனும். எனக்குப் பிடித்துப்போனது. அங்கே ஒன்று தின்றேன், வீட்டுக்கு ஒன்று பார்சல் வாங்கினேன். சிங்காநல்லூர் வருவதற்குள் அது ஆறி, நமுத்து, ஈரத்துணி மாதிரி ஆகிவிட்டது. மாமா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் வண்டி ஓட்டி வந்த களைப்பில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். பாதியைப் பிய்த்து ஒரு தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். மீதிப் பாதியைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு நான் தின்றேன்.

"இதென்னங்க அம்மணி, தேன்கூடாட்டம்?" என்றார்.

"வாஃபிளுங்க மாமா. மெஷின்ல ஊத்திச் சுடறது."

"மேலயும் கீழயும் அச்சு இருக்குமாட்ட இருக்குது" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சைப் பற்றி, சூட்டைப் பற்றி, எந்த உலோகத்தில் வார்த்திருப்பார்கள் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே தின்றார். தின்று முடித்துத் தட்டைப் பார்த்தார், பிறகு என் பெட்டியைப் பார்த்தார். "இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றார்.

ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து "இன்னொண்ணு" என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. என் கையில் இருந்த கடைசித் துண்டையும் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், இந்த வீட்டுக்கு ஒரு வாஃபிள் மெஷின் வாங்கியாக வேண்டும். மனுஷன் தின்பது அதுதான் என்றால் அதையே மூன்று வேளையும் சுட்டுப் போட்டுவிடுகிறேன் என்று நினைத்தேன்.

ஒரு மெஷின் வாங்குவது இவ்வளவு பெரிய படிப்பு என்று எனக்குத் தெரியாது. போனில் தேடினால் விதவிதமாக வந்து விழுந்தன. வட்டம், சதுரம், இதய வடிவம். குழி ஆழமானது, ஆழமில்லாதது. ஊற்றிவிட்டு அப்படியே தலைகீழாகத் திருப்புகிறது. தட்டைக் கழற்றிக் கழுவக்கூடியது, கழற்ற முடியாதது. வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தால் தலை சுற்றியது. ஒருத்தர் இது மாதிரி உண்டா என்கிறார், அடுத்தவர் அதே மெஷினைத் தலைமுழுகச் சொல்கிறார். எல்லாம் பார்த்து எனக்குப் பிடித்தது நாலு கட்டம் கொண்ட பெரிய மெஷின். ஒரே ஊற்றில் நாலு வாஃபிள். தட்டைக் கழற்றிக் கழுவலாம். காலையில் ஒரு வேகத்தில் சுட்டு ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடிவிட்டால் நான் பாட்டுக்கு வேலைக்கு உட்காரலாம். என் கணவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இதுல மோட்டாரே இல்லையே" என்று ஏமாற்றத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்தார். மோட்டார் இல்லாத எதையும் அவர் மெஷின் என்று ஒத்துக்கொள்வதில்லை.

போனிலேயே வாங்கிவிடலாம் என்று இருந்தேன். மாமா விடவில்லை.

"ஓட்டிப் பாக்காம மெசினு வாங்கறதுங்களா?" என்றார், ஜாதகம் பார்க்காமல் பெண் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன மாதிரி. அவர் பட்டறை வழக்கம் அப்படி. கிரைண்டர் வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே அரிசியும் உளுந்தும் ஊற வைத்துப் பாத்திரத்தில் கொண்டு வருவார்கள். பட்டறையிலேயே போட்டு ஆட்டிப் பார்த்து, மாவைத் தொட்டுப் பார்த்து, பொங்கி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு. கிரைண்டரோடு அரைத்த மாவும் வீட்டுக்குப் போகும். இப்போதும் சிலர் அப்படி வருகிறார்கள். வெறும் கல் சுற்றுவதைப் பார்த்துக் காசு கொடுக்கிறவன் ஏமாளி என்பது மாமாவின் கட்சி.

ஆக, ஒரு சனிக்கிழமை மாமா புது வேட்டி கட்டி, சட்டைப் பையில் பேனா குத்தி, கையில் ஒரு தூக்குப்போசியோடு வாசலில் வந்து நின்றார். மூடி போட்டுத் தூக்கிச் செல்கிற எவர்சில்வர் பாத்திரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதற்குள் என்ன என்று கேட்டேன். முந்தின நாள் நான் அரைத்து வைத்த இட்லி மாவு.

"மாமா, வாஃபிளுக்கு இது ஆகாதுங்க. அதுக்கு மைதா, முட்டை, வெண்ணெய் எல்லாம் போட்டுத் தனியாக் கலக்கோணும்."

"மெசினுக்குத் தெரியுமாங்க அது என்ன மாவுன்னு? சூடு ஒரே சீரா வருதான்னு பாக்கத்தானுங்களே" என்றார்.

இதற்கு மேல் என்ன பேசுவது? என் ஸ்கூட்டியில் கிளம்பினோம். நான் முன்னால், அவர் பின்னால், நடுவில் மரியாதைக்கு ஒரு ஜாண் இடம், அந்த இடத்தில் தூக்குப்போசி. முன்னால் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அலுங்கும் என்று கொடுக்கவில்லை. திருச்சி ரோட்டில் நல்ல வெயில். ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் எங்களைப் பார்ப்பதும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறோம் என்று நினைத்து வழிவிடுவதும் எனக்குத் தெரிந்தது. புளித்த மாவும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கிரைண்டர் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.எஸ்.புரம் போய் இறங்கியபோது மாமா மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கீழே பாத்திரம், மாடியில் மின்சாதனம் என்று இருந்த பெரிய கடை அது. என் நாலு கட்ட மெஷின் அலமாரியில் பெட்டியோடு இருந்தது. பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அங்கே நின்ற விற்பனைப் பெண்ணிடம் மாமா, "ஏனுங்க அம்மணி, இதைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டறீங்களா? மாவு கொண்டாந்திருக்கறமுங்க" என்று தூக்குப்போசியை மேசைமேல் வைத்தார். அந்தப் பெண் தூக்குப்போசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"டெமோவெல்லாம் இல்லீங்க சார். பெட்டியப் பிரிச்சா மேனேஜர் திட்டுவாருங்க."

"அப்படீங்களா. செரீங்க. உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாமுங்க" என்றார் மாமா. சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை, கால் நகரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களிடம் சண்டை போட்டுக்கூட ஜெயித்துவிடலாம், இந்த "வேண்டாமுங்க"வை ஜெயிக்க முடியாது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அந்தப் பெண், பார்வைக்கு வைத்திருந்த ஒரு மெஷினின் ஒயரை எடுத்துச் சுவரில் செருகினாள். பிரிக்காத பெட்டியில் கைவைக்க அவளுக்கு அனுமதி இல்லை, வெளியே இருந்தது அது ஒன்றுதான். சிவப்பு நிறம், வட்டம், சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு வாஃபிள். நான் போனிலேயே முதல் நாளே ஒதுக்கித் தள்ளிய ரகம்.

பச்சை விளக்கு எரிந்தது. சூடேறிவிட்டது என்று மாமா தூக்குப்போசியைத் திறந்தார். காத்திருந்தது போல மாவு எழும்பி வந்தது. கரண்டியும் கொண்டு வந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தோசைக்கு ஊற்றுவது போல ஒரு முழுக் கரண்டி மொண்டு ஊற்றினார். "போதுமுங்க மாமா" என்று நான் சொல்வதற்குள் இன்னொரு அரைக் கரண்டி. மூடியை மூடி, இரண்டு கையாலும் நன்றாக அழுத்திப் பிடித்தார். அவர் தொழிலில் எதையும் இறுக்கிப் பிடித்துத்தான் பழக்கம். மாவு நாலு பக்கமும் வழிந்தது. கண்ணாடி மேசைமேல் ஓடியது, மேசையிலிருந்து தரையில் சொட்டியது. புளிப்பு தீய்ந்த வாசனை மாடி முழுவதும் பரவியது. மிக்ஸி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தது. மூடியைத் திறந்தால் திறக்கவில்லை. பலம் கொடுத்துத் திறந்தபோது பாதி மேலே, பாதி கீழே ஒட்டிக்கொண்டு நடுவில் கந்தலாகத் தொங்கியது.

அந்தப் பெண்தான், பாவம், "பரவாயில்லீங்க சார்" என்றாள். அழாத குறை.

மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார், குனிந்து தரையைத் துடைத்தார். நிமிர்ந்து, "இதையே பில்லுப் போட்டுருங்க அம்மணி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணும் பதறி, "ஐயோ, இது ஷோவுக்கு வெச்சதுங்க சார். வேணும்னா புதுப் பெட்டி தாரேனுங்க" என்றாள்.

"அதெப்படீங்க. அழுக்குப் பண்ணுனது நாங்க. நாங்கதானுங்க எடுத்துட்டுப் போகோணும்."

இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் செய்ய மாட்டார்கள். பிடித்ததை விட்டுவிட்டு, கெடுத்ததை வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவது. என் நாலு கட்டம் அலமாரியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. எனக்கு மூக்குமேல் கோபம். ஆனால் நாலு பேர் முன்னால் மாமாவை மறுத்துப் பேச நாக்கு எழவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அவர் செய்ததில் தப்பும் சொல்ல முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும்போது நடுவில் தூக்குப்போசியோடு மெஷினும் உட்கார்ந்திருந்தது. திருச்சி ரோட்டில் ஒரு சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, "அம்மணிக்கு அந்த நாலு கட்டம்தான் புடிச்சுதுங்களோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க மாமா. இதே நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"எனக்கும் இதுதானுங்க புடிச்சுது" என்றார்.

நான் சொன்னது பச்சைப் பொய். அவர் சொன்னதும் பொய்தான் என்று அவர் குரலிலேயே தெரிந்தது. இரண்டு பொய்யும் மரியாதையாக வீடு வந்து சேர்ந்தன.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மாமா மெஷினைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, பட்டறையில் துரு சுரண்டுகிற கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டார். ஒட்டாத பூச்சுப் பூசிய தட்டு அது. ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது கதை.

"மாமா! கையை எடுங்க! அறிவிருக்குதா—" என்று கத்திவிட்டேன். ஆபீஸ் போனில் கத்துகிற அதே குரல்.

இரண்டு வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. மாமா பிரஷ்ஷை மெதுவாகக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னவோ ரொம்ப நாள் காணாமல் போன பொருளைக் கண்ட மாதிரி ஒரு பார்வை. "செரீங்க. அப்ப எதுல தேய்க்கறதுங்க?" என்றார். நான் தேங்காய் எண்ணெயும் பழைய காடாத்துணியும் கொண்டு வந்து கொடுத்தேன். எண்ணெயில் ஊற வைத்து, மூங்கில் குச்சி முனையில் துணியைச் சுற்றி, ஒவ்வொரு குழியாகச் சுத்தம் செய்தார். இருட்டும் வரைக்கும் அதே வேலைதான். மெஷின் பளிச்சென்று ஆகிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் போனேன். இரண்டு முறையும் அவர், "இந்தக் குழி பாருங்க, எத்தனை சுத்தமா வந்துபோட்டுது" என்று காட்டிக்கொண்டிருந்ததால் கேட்க வாய்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை கணவர் கிளம்பிய பிறகு மாவு கலக்கினேன். கோதுமை மாவு, கொஞ்சம் ராகி மாவு, முட்டை, பால், உருக்கிய வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை. சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் மெஷினை வைத்தேன். ஒயர் எட்டவில்லை. சின்ன மெஷினுக்குச் சின்ன ஒயர் போலிருக்கிறது. எட்டுகிற இடம் வீட்டில் ஒன்றே ஒன்று, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மாமா தன் போனுக்குச் சார்ஜ் போடுகிற இடம். வாங்கி வந்ததிலிருந்து அதன்மேல் எனக்கு இருந்த கடுப்பு இன்னும் கூடியது. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதனால் நானும் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டி வந்தது.

முதல் வாஃபிள் நன்றாக வந்தது. பொன்னிறம், ஓரத்தில் லேசாகச் சிவந்து. தட்டில் வைத்ததும் மாமா வழக்கம்போல அவசரமாகத் தின்று முடித்தார். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, இரண்டாவது உள்ளே வெந்துகொண்டிருந்தது. வேகிறதை விட்டுவிட்டு எழுந்து போவது மரியாதை இல்லை. அதனால் உட்கார்ந்திருந்தார். நான் நின்றிருந்தேன். நடுவில் மெஷின் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். இட்லி என்றால் ஒரே ஈடாக மொத்தமாக இறங்கும், வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இது ஒதுங்கவே விடவில்லை.

"நின்னுட்டே இருக்கறீங்களே. உக்காருங்க அம்மணி" என்றார்.

"பரவாயில்லீங்க மாமா."

"காலு வலிக்குமல்லங்க."

"அதெல்லாம் ஒண்ணும் வலிக்காதுங்க."

மூன்றாவது முறை கேட்பார், நான் மூன்றாவது முறை மறுப்பேன், அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீடுகளில் எல்லா உபசாரமும் அப்படித்தான் முடியும். அவர் கேட்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு ஒண்டியாத் திங்க முடியறதில்லீங்க அம்மணி. உங்க அத்தை போனதுல இருந்து முடியறதில்லை. நீங்க வேற அங்க நின்னுட்டே இருக்கறீங்க. வேலைக்கு நேரமாகுதேன்னு வெரசாத் தின்னுபோட்டு எந்திரிச்சர்றனுங்க."

ஒரு வருஷமாக நான் நெய்யையும் தேங்காய்ப்பாலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மரியாதைக்கு நின்றேன், அவர் என்மேல் இரக்கப்பட்டு அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார். அன்றைக்குப் பார்சல் வாஃபிள் நமுத்துப்போய்த்தான் இருந்தது, அதில் தனி ருசி ஒன்றும் இல்லை. நான் எதிரே உட்கார்ந்து தின்றேன், அவ்வளவுதான். எனக்குத்தான் அது விளங்கவில்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அத்தை உட்கார்ந்த நாற்காலி. பச்சை விளக்கு எரிந்தது. மாமா மூடியைத் திறந்து, இரண்டாவது வாஃபிளைக் கரண்டியால் நெம்பி எடுத்து, மாடிக்கு எடுத்துப் போக நான் மேசை ஓரத்தில் வைத்திருந்த தட்டை இழுத்து அதில் வைத்தார்.

"இது உங்களுதுங்க. அடுத்தது என்னுது."

அவரே மாவு ஊற்றினார். இந்த முறை அரைக் கரண்டிதான். மூடியை அழுத்தவில்லை, கடையில் பாடம் படித்திருந்தார். நான் தின்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவர் தின்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வேகும் நேரத்தில் பட்டறைக் கதை ஒன்று வந்தது. அடுத்தது வேகும் நேரத்தில் என் ஆபீஸ் மேலாளரை நான் திட்டினேன். அவர் என் பக்கம் சேர்ந்துகொண்டு, என்னை விட நன்றாகத் திட்டினார். பக்கத்து வீட்டு மாடித் தொட்டி இன்னும் ஒழுகுகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை தின்றோம் என்று நான் எண்ணவில்லை. மாவுப் பாத்திரம் வழித்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. மாடியில் என் கம்ப்யூட்டர் ஏதோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூப்பிடட்டும் என்று இருந்தேன். நாலு கட்டம் வாங்கியிருந்தால் இந்நேரம் எல்லாம் ஹாட்பாக்ஸில் மூடிக் கிடந்திருக்கும், நான் மாடியில் இருந்திருப்பேன்.

அடுத்து வெந்து வந்த வாஃபிளில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்துவிட்டு, மறு பாதியை வாயில் போட்டு மென்றார். மென்றவர் நிறுத்தினார். முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க அம்மணி," என்றார், "இதுல உப்புப் போடவே இல்லீங்களா? மொதல்ல இருந்தே பாக்கறேன், சப்புன்னு இருக்குது."

போடவில்லைதான். மறந்துவிட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் என் சமையலில் ஒருவர் குறை கண்டுபிடித்துவிட்டார்.

"அப்ப நாளைக்கு நீங்களே கலக்குங்க. மெஷின் வாங்குனவருதானுங்களே?" என்றேன்.

மாமா அத்தையின் நாற்காலியையும் அதில் இருந்த என்னையும் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மிச்சம் இருந்த மாவுக்காவது உப்புப் போடலாம் என்று நான் எழப் போனேன்.

"நீங்க உக்காருங்க, உங்களுது ஆறிப்போகும்" என்று அவரே எழுந்து சமையலறைக்குள் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"உப்பு எங்கீங்க இருக்குது?"

"ரெண்டாவது தட்டுலீங்க மாமா, புளிக்குப் பக்கத்துல" என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.